தட்டில் ஏறாத சரணம்

கரிப்புகையில் ஓடும் பஸ், அடுப்பில் கரி போடுவதற்காக உடையார்பாளையத்தில் நிற்கிறது. இறங்குகிறேன். எதிரே கல்யாணப் பந்தல், வாழைமரம், தென்னையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய். இசைத்தட்டில் ஒரு பெண் பாடுகிறாள். ஊசி தேய்ந்திருக்கிறது; ரேடியோ வேலை படித்த என் காதுக்கு அது தப்பவில்லை.

பந்தல் வாசலில் நிற்கும் அம்மாள், "என் பாட்டுதாம்மா. நானே கட்டி நானே பாடுனது," என்கிறார். பெயர் குஞ்சம்மாள். இன்று பாட வரச்சொல்லித் தாம்பூலம் வைத்தார்களாம்.

கல்யாண வீட்டுக்காரர் வருகிறார். "அதான் ஒங்க பாட்ட பிளேட்டுலயே கேக்கறமே! தொண்டைய எதுக்கு நோவடிச்சுக்கிறீங்க? சாப்புட்டுப் போங்க."

"பிளேட்டுல எடம் பத்தலன்னு கடைசிச் சரணத்த வுட்டுட்டாங்க. அதுலதாங்க எம் பேரு வருது. அத மட்டுமாச்சும் பாடிடறேன்."

"பாடுங்க, யாரு வேணாங்கறா?"

தட்டு முடிந்ததும் பந்தலுக்குள் போய்ப் பாடத் தொடங்குகிறார். தட்டில் கேட்டதைவிடக் கனமான குரல். பெயர் வருவதற்குள் உள்ளிருந்து யாரோ, "கொழா ஏன்டா நின்னுபோச்சு?" என்று கத்துகிறார்கள். குழாய்க்காரன் அதே தட்டை மறுபடி வைக்கிறான். குஞ்சம்மாளின் வாய் அசைவது மட்டும் தெரிகிறது.

"ஜோராப் பாடுறாளே, யாருய்யா?" என்கிறார் பந்தியில் ஒருவர்.

"எவளோ பட்டணத்துக்காரி," என்கிறார் பக்கத்து இலைக்காரர்.