லீவு போட்ட எக்ஸ் ஸ்கொயர்

மலேசியாவின் செனாயில், பாகங்களைப் பூட்டி ஸ்பீக்கர் செய்யும் தொழிற்சாலையில் யோகேஸ்வரி லைன் லீடர். வாய் என்றால் அப்படியொரு வாய். லைனில் ஒருத்தி லீவு போட்டால் பக்கத்திலிருப்பவர்கள் நகர்ந்து நெருங்கி உட்காரக் கூடாது.

"ஆள் வரலன்னாலும் அவ இடம் அப்படியே இருக்கணும்லா! நீ நகந்தா உன் ஸ்குரூ அவ டிரேல போய் விழும்!"

அந்தச் சத்தத்துக்கு லைனே அடங்கிவிடும்.

அப்பேர்ப்பட்டவளைக் கணக்கு படாதபாடு படுத்தியது. மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவள், நாற்பத்திரண்டு வயதில் டெக்னீஷியன் ஆக ஆசைப்பட்டாள். அதற்குப் பக்கத்து ஊர் ஸ்கூடாயில், பயிற்சி நிலையத்தில் ஒரு நுழைவுத் தேர்வு. இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று, இரண்டு தடவையும் நீள் வகுத்தலில்தான். இதுதான் கடைசித் தடவை; இதற்குமேல் கம்பெனி அனுப்பாது.

கணவன் மனோகரன் நல்ல மனுஷன்தான். "இந்த வயசுல எக்ஸும் வையும் உனக்கெதுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே தேர்வு மண்டபத்துக்குக் காரில் கொண்டுவந்து விட்டான்.

கடைசிக் கேள்வி வந்தது. x³ − 7x + 6 என்பதை x − 2 மீதியில்லாமல் வகுக்கும் என்று காட்ட வேண்டும். வகுத்தாள். மீதி மைனஸ் நாலு. அழித்துவிட்டு மறுபடி வகுத்தாள். அதே பாழாய்ப்போன மைனஸ் நாலு. கூட எழுதிய சின்னப் பிள்ளைகளெல்லாம் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணில் நீர் முட்டியது. காரில் கணவன் சொன்னது சரிதானோ என்று நினைத்தாள். நினைத்ததற்குத் தன்மேலேயே கோபம் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரிசையை முதலிலிருந்து பார்த்தாள்.

எக்ஸ் கியூப் இருக்கிறது. அடுத்தது எக்ஸ். நடுவில் எக்ஸ் ஸ்கொயரைக் காணோம்! அதன் இடத்தில் எக்ஸ் நகர்ந்து வந்து ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ் ஸ்கொயரில் கழிக்க வேண்டியதை எக்ஸ் தலையில் கழித்துத் தொலைத்திருக்கிறாள்.

"அலமாக்!" என்று வாய்விட்டே சொன்னாள். கண்காணிப்பாளர் முறைத்தார்.

நடுவே 0x² என்று எழுதி அதற்கு இடம் விட்டாள். பிறகு எல்லாம் அதனதன் இடத்தில் வந்து நின்றது. கடைசியில் ஆறில் ஆறு போய்ச் சைபர்.

வெளியே மனோகரன் அவள் சிவந்த கண்களைப் பார்த்தான். தேர்வைப் பற்றிக் கேட்கப் பயந்து, "பசிக்குதா?" என்றான்.

"எனக்குத் தெரிஞ்சதைத்தாங்க கேட்டிருக்காங்க" என்றாள் அவள். "இத்தனை வருஷமா தெனம் லைன்ல நான் கத்துறதைத்தாங்க கேட்டிருக்காங்க." சொல்லிவிட்டு, காரில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.