பட்டியலில் இடம் கிடைக்காத படம்

செய்தித்தாளில் இருந்தபோது, ஞாயிறு இணைப்புக்காகச் சிறந்த இருபது தமிழ்ப் படங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தேன். பக்கத்தில் இருபதுக்குத்தான் இடம். சினிமா தெரிந்த ஆறு பேரைத் தொலைபேசியில் அழைத்தோம். நான்கு பேர் எடுத்தார்கள். அவர்களில் மூன்று பேர் சொன்ன ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை நானே நீக்கினேன். பக்கத்தில் அச்சிட அதன் ஸ்டில் ஒன்றுகூட எங்கள் அலுவலகத்தில் இல்லை. பின்னால் வேறு இடங்களில் வந்த பட்டியல்கள் சிலவற்றில் எங்கள் வரிசை அப்படியே இருந்தது, ஒரு எழுத்துப் பிழை உட்பட.

ஓய்வுக்குப் பிறகு புனேயில், சாங்வியில் குடியேறினேன். இங்குள்ள தமிழர்கள் நாங்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு பழைய படம் திரையிடுவோம். போன முறை பாதி அரங்கம் இடைவேளையில் எழுந்து போய்விட்டது. இந்த முறையும் அப்படி ஆனால் வழக்கத்தையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தோம்.

படத்தைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்து, நான் நீக்கிய அதே படத்தின் பெயரைச் சொன்னார்.

“என் பொண்ணு மராத்திப் பையனைக் கட்டியிருக்கா. எங்களுக்குள்ள ‘கானா ஹோ கயா?’ன்னு சாப்பாட்டை விசாரிக்கிறதுக்கு மேல பேச்சு கிடையாது. நான் உசத்தின்னு நினைக்கிறது எதுன்னு அந்தப் பையனுக்கு ஒரு தடவை காட்டணும்.”

கோவையிலிருந்து வந்த மென்பொருள் இளைஞர் ஒருவர் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தார். “ஏனுங்க அங்கிள், எந்த லிஸ்ட்லயும் இல்லீங்களே. நூறு படம் போட்டதுலகூட இல்லீங்க.”

நான் ஸ்டில் கதையைச் சொன்னேன்.

“அப்ப, சார் பண்ணுன வேலைக்கு நாங்க காலி ஹால்ல உக்காரோணுமாக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு அந்த இளைஞர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “லிஸ்ட்டு இல்லீன்னா நான் ஒரு பழைய படமும் பாத்திருக்க மாட்டனுங்க. எங்க வீட்ல சொல்றதுக்கு ஆளில்லை.” ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் மெக்கானிக்கின் படம் தேர்வானது.

படத்துக்கு சப்டைட்டில் கிடையாது. அவர் இரண்டு மாதம் உட்கார்ந்து வசனம் முழுவதையும் இந்தியில் எழுதினார். திரைக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணி கட்டி, இரண்டாவது புரொஜெக்டரை அதன் மேல் திருப்பினார். வசனம் வர வர ஒவ்வொரு வரியாக அவரே லேப்டாப்பில் விசையைத் தட்டுவது என்பது ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, விஷ்ராந்த்வாடியில் ஒரு பள்ளி அரங்கில் படம் தொடங்கியது. எழுபத்து நான்கு பேர். முதல் அரை மணியில் பதினோரு கைப்பேசிகள் ஒளிர்ந்தன.

கதை சிறியது. ஏழு வருடம் சிறையில் இருந்த மில் தொழிலாளி லைன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். கதவைத் தட்டத் துணிவில்லாமல் வாசலை மூன்று முறை கடந்து போகிறான். உள்ளே மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வீட்டுக்காரி உப்புக் கேட்கிறாள். மூன்றாவது முறை காலடி கேட்டதும் முறத்தின் சத்தம் நிற்கிறது.

அவன் உள்ளே வந்தான், அவள் பேசினாள், அவன் பதில் சொன்னான். துணியில் மட்டும் ‘கர் மே நமக் ஹை க்யா?’ என்ற வரியே நின்றது. வீட்டில் உப்பு இருக்கிறதா? திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தேன். விசை மேல் விரல் இருந்தது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அரங்கைப் பார்த்ததும் அசையத் தோன்றவில்லை. ஒரு கைப்பேசியும் ஒளிரவில்லை. தமிழ் பாதிதான் புரியும் பிள்ளைகள் முன்வரிசையில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிகளின் ஓசைக்கு மேல் அந்தப் பெண்ணின் மூச்சு கேட்டது. தலைப்புகளிலிருந்து ‘வியப்பு’ என்ற சொல்லை வெட்டுவது பல வருடம் என் வேலையாக இருந்தது. அன்றைக்கு எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

படம் முடிந்து விளக்குகள் எரிந்த பிறகும் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. மெக்கானிக் துணியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். மருமகனிடம் ஓடினார்.

“பேட்டா, மாஃப் கரோ. மை பூல் கயா.” மறந்துவிட்டேன், மன்னித்துவிடு.

மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “க்யா பூல் கயே, பப்பா?” எதை மறந்தீர்கள் என்று உண்மையாகவே கேட்டார்.

“அடப் போங்கப்பா!” என்று மகள் சிரித்தாள். “வரி நின்னுபோனது எனக்கே தெரியல.”

தட்டாமல் விட்ட வரிகள் அறுபத்து மூன்று. அவற்றைப் படிக்க வேண்டும் என்றார் மருமகன். மெக்கானிக் மறுபடி லேப்டாப் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த கோவை இளைஞரும் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மருமகன் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தார். ஒன்பதாவது வரியில் கை காட்டி நிறுத்தினார். அவள் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள், இது கோபமான பேச்சு, அவள் முகத்தில் கோபமே இல்லையே என்று இந்தியில் சொன்னார்.

மெக்கானிக் அந்த வசனத்தைத் தமிழில் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

“அரே, சரியாத்தான் சொல்றாரு” என்றார் எங்களிடம். நாற்காலியை மருமகன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியை அழித்துவிட்டு வேறு சொல் தேடத் தொடங்கினார்.