கட்டைவிரலால் புல்லை இழுத்தவர்

அறுபதுகளின் கடைசியில், ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரிச் சேற்றுக்கு அப்பால் இருந்த ஒரு குப்பத்துக்கு அம்மை குத்த மருந்துப் பெட்டியோடு போனேன். படகு கிடைக்கவில்லை. மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு பெண் வழிகாட்ட வந்தார். என் வயதுதான் இருக்கும். தலையில் காலிக் கூடை, காலெல்லாம் உப்புப் பூத்த வெடிப்பு.

சேற்றின்மேல் பாய் விரித்ததுபோல் புல் படர்ந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவர் அந்தப் புல்லின் ஒரு கொடியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பார்ப்பார். அது அசையாவிட்டால்தான் கால் வைப்பார்.

"கணுவுக்குக் கணு வேர் உட்டிருந்தா தரை கெட்டியா கீது சார். இழுத்தா வந்துச்சுன்னா கீய வெறும் சேறு, ஆளையே முழுங்கிடும்."

பாதி வழியில் காற்று திரும்பியது. ஏரித் தண்ணீர் புல்லுக்குள் ஏறத் தொடங்கியது. பயத்தில் நான் பச்சையை நம்பி எட்டிக் கால் வைத்தேன். இடுப்புவரை புதைந்துவிட்டேன். அவர் குப்புறப் படுத்து, என் கையைப் பிடித்து இழுத்துக் கெட்டித் தரையில் சேர்த்தார்.

அப்போதுதான் கவனித்தேன். மருந்துப் பெட்டி நான் புதைந்த இடத்திலேயே கிடந்தது.

"கொயந்தைங்களுக்கு ஊசி போடணுமே," என்று அவர் திரும்பினார்.

"பயமா இல்லையாம்மா?"

"பயந்துகினுதான் போறேன் சார். அதான் இழுத்து இழுத்துப் பாக்குறேன்."

புல் இப்போது தண்ணீருக்கடியில் இருந்தது. விரலால் துழாவித் துழாவிப் போனார்.

பெட்டியை என் கையில் வைத்தபோது அவர் உடம்பெல்லாம் நடுங்கியது. 'போகாதீங்க, பெட்டி போனால் போகட்டும்' என்று நான் ஏன் சொல்லவில்லை? இன்றும் தெரியவில்லை.