எட்டாயிரம் ரெய்ஸ்: மொன்றியலில் செபாவுடன் ஆடிய போட்டி

கடந்த நவம்பரில் நான்கு நாட்கள் மொன்றியல் போய் வந்தேன். போக்கர் போட்டிக்காக அங்கே போக நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பதால் வழி, செலவு எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஆனால் நான் போனதற்குக் காரணம் போட்டி மட்டும் அல்ல. என் நண்பன் செபஸ்தியானுக்குக் குரல்வளையில் புற்றுநோய். திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்கு முந்திய சனிக்கிழமை ஒரு போட்டி இருந்தது. "கதைச்சுக் கதைச்சு ஒருக்கா விளையாடுவம், வா மச்சான்," என்று போனில் கூப்பிட்டான். அப்போதே குரல் பாதிதான் வந்தது.

ஸ்கார்பரோவிலிருந்து மொன்றியலுக்கு 540 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போனேன். 65 டாலர், ஆறரை மணி நேரம். நகர மையத்திலிருந்து ஆரஞ்சு வழி மெட்ரோ பிடித்தால் அரை மணி நேரத்தில், செபா இருக்கும் லவால் நகர் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: மொன்றியல் தீவுக்குள் பயணிக்கும் டிக்கெட் லவாலுக்குச் செல்லாது, அதற்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும். செபாவின் வீடு கடைசி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். அவன் மன்னார்க்காரன். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் வேலை. இரண்டு மாதமாக விடுப்பு. நாங்கள் முதலில் சந்தித்ததே ஒரு போக்கர் மேசையில்தான்.

போட்டி மண்டபம் மொன்றியலைத் தாண்டி, ஆற்றுக்குத் தெற்கே. அவனுடைய காரில் நாற்பது நிமிடம். நுழைவுக் கட்டணம் 350 டாலர். புதிதாகப் போகிறவர்கள் கவனிக்க: சீட்டு போட்ட பிறகு மேசையில் ஆங்கிலமோ பிரெஞ்சோதான் பேசலாம். தமிழில் வாய் திறந்தால் டீலர் உடனே கண்டிப்பார். முதல் நான்கு மணி நேரம் செபா வேறு மேசையில் இருந்தான். ஆட்கள் குறைந்ததும் மேசைகளைச் சேர்த்தார்கள். அவன் சிப்ஸ் என்கிற பந்தய வில்லைகளின் தட்டோடு வந்து எனக்கு இடப்பக்கம் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்தான். என்னிடம் அறுபதாயிரம் சிப்ஸ். அவனிடம் இருபத்தாறாயிரம்தான் மீதி.

நாங்கள் மோதிய அந்தக் கையை, அதாவது அந்தச் சுற்றை, விவரமாகச் சொல்ல வேண்டும். சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போட வேண்டிய தொகைதான் பிளைன்ட். சின்ன பிளைன்ட் ஆயிரம், பெரிய பிளைன்ட் இரண்டாயிரம். அதோடு ஆன்டி என்று இன்னொரு இரண்டாயிரம். பெரிய பிளைன்ட் அன்று செபாவுக்கு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் சீட்டை விட்டுவிட்டார்கள். என் கையில் ஒரே வகை கிங்கும் ஜாக்கும். இந்த இடத்தில் நான் எப்போதும் 4,400 ரெய்ஸ் செய்வேன், அதாவது பந்தயத்தைப் பெரிய பிளைன்டைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் உயர்த்துவேன். யாராவது பதிலுக்குத் தன் சிப்ஸ் முழுவதையும் வைத்து ஆல்-இன் போட்டால் அதிகம் இழக்காமல் விட்டுவிடலாம் என்பதற்காகத்தான் அந்த அளவு.

அன்று எட்டாயிரம் போட்டேன். செபா பயந்து விட்டுவிடட்டும், அவனோடு மோத வேண்டி வராது என்று நினைத்தேன்.

இடையில் இருந்தவர் சீட்டை விட்டுவிட்டார். செபா இருமினான். என் சிப்ஸைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். தன்னிடமிருந்த எல்லாவற்றையும் முன்னால் தள்ளினான்.

இப்போது நடுவில் 37,000. நான் இன்னும் 18,000 போட வேண்டும். மூன்று தடவையில் ஒரு தடவை வென்றாலே கணக்கு சரி. செபா நல்ல சீட்டு இல்லாமல் ஆல்-இன் போடமாட்டான். அப்படிப் பார்த்தாலும் கிங்-ஜாக்குக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாய்ப்பு உண்டு. வழக்கமான 4,400 போட்டிருந்தால் பத்தில் நான்கு தடவை வெல்ல வேண்டியிருக்கும், யோசிக்காமல் விட்டிருப்பேன். விடமுடியாத நிலையை என் ரெய்ஸே உண்டாக்கிவிட்டது. நண்பன் என்பதற்காக விட்டால் மேசையில் மற்றவர்களை ஏமாற்றுவதாகும். செபாவுக்கும் அது தெரிந்துவிடும்.

"கால்," என்று சொல்லி மீதி 18,000-ஐ வைத்தேன்.

அவனிடம் ஏஸும் குயினும். அதுவரை அவன் சீட்டுதான் மேல். மேசையில் எல்லாருக்கும் பொதுவாக விரித்த சீட்டுகளில் மூன்றாவதாகக் கிங் வந்தது. பிறகு எதுவும் மாறவில்லை, நான் வென்றேன். அவன் எழுந்து பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கை கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். நான் அதன்பின் அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பரிசு இடத்துக்கு வெகு முன்பே வெளியேறினேன்.

வாகனத் தரிப்பிடத்தில் காரை ஓடவிட்டபடி காத்திருந்தான். நான் கதவைச் சாத்தியதும் கேட்டான்.

"நாலாயிரத்து நானூறு போட்டிருந்தா, என்ரை ஆல்-இன்னுக்கு என்ன செய்திருப்பாய்?"

"விட்டிருப்பன்."

"அப்ப ஏன் எட்டாயிரம்?"

நான் சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டினேன். அவனே சொன்னான்.

"நான் உள்ளுக்கு வரக்கூடாதெண்டுதானே. வருத்தக்காரன், பாவமெண்டு."

"உன்னை வெளியில அனுப்ப எனக்கு மனமில்லை, செபா."

"வீட்டில ரெண்டு மாசமா எல்லாரும் இப்பிடித்தான். மேசையிலயாவது ஒரு ஆள் ஒழுங்கா விளையாடுவானெண்டு வந்தனான்."

லவால் வரை ரோட்டைப் பார்த்தே ஓட்டினான். ஞாயிறு பூசைக்குப் போய்வந்து அறைக்குள் படுத்துவிட்டான். அவன் மனைவி ரெஜினா எனக்குத் தேநீர் தந்தபோது, "கோவமில்லை அண்ணை, அவருக்குத் தொண்டை நோகுது," என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கள் காலை அவர்களோடு கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் மருத்துவமனைக்குப் போனேன். தாதி அவன் மணிக்கட்டில் பெயர்ப் பட்டி கட்டிக்கொண்டே பிரெஞ்சில் பெயரும் பிறந்த தேதியும் கேட்டாள். ரெஜினா சொல்ல வாயெடுத்தாள். செபா கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, தானே நிதானமாகச் சொன்னான். அவன் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான்: அவனுடைய பெயரும் பிறந்த தேதியும், பிரெஞ்சில்.

உயிர் தப்பினான். காயத்தில் கிருமி தொற்றி இரண்டாம் முறையும் வெட்டினார்கள். இப்போது கழுத்தில் உள்ள துளையால் மூச்சு விடுகிறான். வேலைக்குத் திரும்பவில்லை.

போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான். ரெய்ஸ் செய்யும் முன்பே, பின்னால் இருக்கும் ஒவ்வொருவரும் ஆல்-இன் போட்டால் எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சிப்ஸ் குறைந்தவர் பின்னால் இருந்தால் ரெய்ஸைச் சின்னதாக வையுங்கள். எதிரே இருப்பவர் யார் என்று பார்த்து அளவை மாற்றாதீர்கள். விலக்கிவிடலாம் என்று நீங்கள் பெரிதாகப் போடுவது அவர் காதில் வேறு மாதிரி விழும்.

மார்ச்சில் மறுபடி லவால் போனேன். செபா போனில் எழுதிக் காட்டினான்: பனி, மகளின் பரீட்சை, வீட்டுக்கு வரும் தாதியின் கண்டிப்பு. அந்தக் கையைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.