பாட்டிலில் அடைத்த துணி

நீங்கள் பொய் சொன்னீர்கள். போன மாதம், செம்பட்டிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், அத்தனை பிள்ளைகளையும் தரையில் உட்காரவைத்து, மைக்கைக் கையில் வாங்கிப் பொய் சொன்னீர்கள்.

நான் டீச்சர்கள் வரிசையில் இருந்தேன். உங்களுக்கு என்னைத் தெரியவில்லை. தெரிய நியாயமில்லை. நீங்கள் என்னைப் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. போலீஸ் வேலையில் மோப்ப நாய் வைத்திருந்தவர், ஓய்வு பெற்றபின் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் விளக்கம் சொல்கிறார் என்று தலைமையாசிரியர் அறிமுகம் செய்தார். நீங்கள் ஒரு பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினீர்கள். காற்றை உறிஞ்சும் கைமோட்டார். அதன் வாயில் மாட்டும் சல்லாத்துணி. துணியை எடுக்க இடுக்கி. அதைப் போட்டு மூட கண்ணாடி பாட்டில். பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் சொன்னீர்கள்: திண்டுக்கல் பக்கம் ஒரு மாதா கெபியில் கிரீடம் திருடு போனது, இப்படி ஒரு பெட்டியில் எடுத்த வாசனையை வைத்து அரைமணி நேரத்தில் ஆளைப் பிடித்தேன் என்று.

அந்த ஆள் என் அப்பா. அவர் திருடவில்லை. நாய்க்கு நீங்கள் காட்டிய துணி எங்கள் வீட்டுத் துணி. அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான்.

நான் பி.டி. டீச்சர். விசில் ஊதத் தெரியும், எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் கெபி தெருமுனையில் இருக்கிறது. கல்லால் கட்டிய சின்னக் குகை, அதற்குள் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் மாதா. பெட்டியின் சாவி அப்பாவிடம். அப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் எடை போடும் வேலை. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கும் முன் பெட்டியைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, விளக்கைப் போட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் வந்ததும் மறுபடி துடைத்துப் பூட்டுவார். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை.

துடைக்கிற துணிகளை அம்மா பழைய வேட்டியில் கிழித்துக் கொடுப்பார். அவற்றை அப்பாதான் துவைப்பார், அப்பாதான் காயப்போடுவார். ஆனால் இஸ்திரி போடமாட்டார். கால்சட்டை தேய்க்கிற பெட்டி மாதா துணிமேல் படக்கூடாது என்பது அவர் சட்டம். நாலாக மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துவிடுவார். காலையில் மடிப்பு நேராக விழுந்திருக்கும்.

"மாதாவுக்கு இஸ்திரிப் பொட்டி ஆகாதாம். இவரு மண்டை மட்டும் ஆகுமாம்" என்று அம்மா சிரிப்பார்.

திருவிழாவுக்குக் கொடியேற்றிய மூன்றாம் நாள் காலையில் அப்பா கெபிக்குப் போனார். கண்ணாடி உடைந்து கிடந்தது. மாதா தலையில் திருவிழாவுக்கென்று வைத்த வெள்ளிக் கிரீடம் இல்லை. அவர் போட்ட சத்தத்தில்தான் தெருவே எழுந்து வந்தது. போலீசுக்குப் போன் போடச் சொன்னதும் அவர்தான்.

எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? அழுதார்கள். அழுதுகொண்டே பீடத்தைத் தொட்டு முத்தி செய்தார்கள். மாதாவின் பாதம், கண்ணாடிச் சட்டம், கிரீடம் இருந்த தலை என்று ஒரு இடம் விடவில்லை. நானும் தொட்டு விரலை முத்தமிட்டேன். நீங்கள் ஜீப்பில் வந்து இறங்கியபோது, அந்தப் பீடத்தில் திருடனின் வாசனை ஒரு துளி இருந்திருந்தாலும் அதன்மேல் எங்கள் தெருவே ஏறி நின்றது.

ஜூலி என்று பெயர் சொன்னீர்கள். பழுப்பு நிற நாய். நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு எங்களை எல்லாம் சிநேகமாகப் பார்த்தது. உங்கள் பெட்டியும் புதிது. கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட நீங்கள் பிரிக்கவில்லை.

"ஏலே, தள்ளி நில்லுங்க. இது வாசனைய உறிஞ்சுற மெசினு. திருடன் ஓடிட்டாலும் அவன் வாசம் ஓடாது, தெரியுமா?"

பெட்டிக்குள் சீல் வைத்த சல்லாத்துணிப் பொட்டலம் இரண்டுதான் இருந்தது. ஒன்றை, எங்கள் கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவைத் தலைவருக்குப் பிரித்துக் காட்டினீர்கள். காட்டுகிற அவசரத்தில் அது மெழுகுவர்த்தித் தட்டில் விழுந்தது. இரண்டாவதை மோட்டாரில் மாட்டி, பீடத்தைச் சுற்றி ஓட்டி, இடுக்கியில் பிடித்து, ஜெயித்த கோப்பை மாதிரி மேலே தூக்கினீர்கள். முன்வரிசையில் நின்ற பூக்கார அத்தை எட்டி அதைப் பிடுங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். மாதா பீடத்தில் பட்ட துணியைக் கண்டால் எங்கள் தெருவில் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

"ஏம்மா, அறிவிருக்கா? அது எவிடென்சு!"

"மாதா மேல பட்ட துணிய்யா. நாய்க்குக் குடுக்கவா எடுத்த?"

கூட்டம் சிரித்துவிட்டது. உங்களுக்கு முகம் கறுத்தது. அந்தச் சிரிப்புதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். "பொட்டலம் தீர்ந்துபோச்சு, திண்டுக்கல் ஆபீசில் போய் எடுத்து வாரேன்" என்று அத்தனை பேர் முன்னால் உங்களால் சொல்ல முடியவில்லை. சுற்றிப் பார்த்தீர்கள். நான் நின்றேன்.

"பாப்பா, வீடு பக்கத்துலயா? சுத்தமான வெள்ளத் துணி ஒண்ணு எடுத்தா. தொவச்சதா இருக்கணும், என்ன?"

போலீஸ் என்னைக் கேட்கிறது. நான் ஓடினேன். எங்கள் வீட்டில் இருந்ததிலேயே சுத்தமான துணி எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவின் தலையணையைத் தூக்கி, மடிப்புக் கலையாமல் மேலாக இருந்ததை எடுத்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தேன். நீங்கள் கத்தரியால் ஒரு சதுரம் வெட்டினீர்கள். மோட்டாரில் மாட்டி ஒரு நிமிடம் ஓட்டினீர்கள். பாட்டிலில் போட்டு மூடினீர்கள். மீதித் துணியில் உங்கள் முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடமே தந்தீர்கள்.

பிறகு பாட்டிலைத் திறந்து ஜூலியின் மூக்கருகே பிடித்தீர்கள்.

ஜூலி முதலில் என்னிடம்தான் வந்தது. என் இரண்டு கையையும் முகர்ந்தது. அதன் மூக்கு ஈரமாக இருந்தது. நீங்கள் கயிற்றைச் சுண்டி இழுத்து, "சின்னப் புள்ளைய விடு, போ" என்றீர்கள். அந்த நாய் உண்மையைச் சொல்லிவிட்டது. நீங்கள்தான் இழுத்தீர்கள்.

அது தெருவில் இறங்கியது. நாங்கள் பின்னால் போனோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அது தலையைத் திருப்பும்போது அந்த வீட்டு ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வதும், அது தாண்டியதும் விடுவதும் எனக்குக் கேட்டது. முதல் வீடு. தையல்கடை. மாடி வீடு. எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்று, உள்ளே போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டுக்குப் போலீஸ் நாய் வந்திருக்கிறது என்று பக்கத்தில் நின்றவளை இடித்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை.

ஜூலி வெளியே வந்தது. அப்பா கரண்டுக் கம்பத்தோரம் நின்றார். கண்ணாடித்துண்டு பொறுக்கியதில் விரல் வெட்டி, அதை வாயில் வைத்திருந்தார். ஜூலி அவர் காலை ஒரு சுற்றுச் சுற்றி, அவர் முன்னால் உட்கார்ந்து, உங்களைத் திரும்பிப் பார்த்தது. நீங்கள் அதற்கு ஒரு பிஸ்கட் போட்டீர்கள்.

"சாவி அவர்ட்டதான இருக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

"சாவி வச்சிருக்கவன் எதுக்குய்யா கண்ணாடிய ஒடைக்கணும்? தொறந்து எடுத்துட்டுப் போகமாட்டானா?" என்று பூக்கார அத்தை கத்தினார். அந்தத் தெருவில் அன்றைக்கு மூளையோடு நின்றது அவர் ஒருவர்தான். அவரை யாரும் மதிக்கவில்லை. சற்றுமுன் நாய்த்துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர் இல்லையா?

இன்ஸ்பெக்டரும் போலீஸ்காரர்களும் எங்கள் வீட்டுக்குள் போனார்கள். அரிசி டிரம்மைக் கவிழ்த்தார்கள். பீரோவில் இருந்ததை எல்லாம் தரையில் கொட்டினார்கள். அம்மா சுவரோரம் நின்று, "பாத்து, பாத்து எடுங்க சார்" என்று விருந்தாளிகளிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். கிரீடம் கிடைக்கவில்லை. இருந்தால்தானே கிடைக்கும். அப்பாவை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள்.

எனக்கு அப்போது வாசனையைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் துணி, நாய், அப்பா என்று மூன்றும் என் தலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஏதோ தப்பு, அதில் என் கையும் இருக்கிறது என்று மட்டும் பட்டது. நான் உங்களிடம் வந்தேன். நீங்கள் பாட்டில் மூடியைத் திருகி இறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"சார், அந்தத் துணி எங்கப்பா தலகாணிக்கு அடியில இருந்துச்சு."

மூடியைத் திருகிய கை நின்றது. பாட்டிலைப் பார்த்தீர்கள். ஜீப்பைப் பார்த்தீர்கள். இன்ஸ்பெக்டர் தலைவரோடு பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் குனிந்து என் உயரத்துக்கு வந்தீர்கள்.

"இத யார்ட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. நாய்க்குக் குழப்பமாயிரும். அப்பறம் ஒங்கப்பாவுக்குத்தான் கஷ்டம். போ பாப்பா, போய் வெளையாடு."

நான் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்று முழுதும், மறுநாள் முழுதும், நான் வாயைத் திறந்தால் எங்கோ ஒரு நாய் குழம்பிப்போய் அப்பாவைக் கடித்துவிடும் என்று பயந்து கிடந்தேன். சோற்றுக்கு வாயைத் திறக்கவும் பயமாக இருந்தது. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் என்று நினைத்துக் கசாயம் வைத்துக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அப்பா நடந்தே வந்தார். கேஸ் எதுவும் போடவில்லை. கூப்பிட்டால் வரவேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா இடதுபக்கம் உட்கார்ந்து பேசினால் அவருக்குக் கேட்கவில்லை. அந்தக் காது இன்றுவரை கேட்காது.

கிரீடம் கிடைக்கவே இல்லை. வேறு யாரையும் பிடிக்கவும் இல்லை. ஆகவே எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு திருடன்தான் மிஞ்சினார். பேரவைத் தலைவர் வந்து, "கொஞ்ச நாளைக்கு வேற ஆளு பாக்கட்டும்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார். மார்க்கெட் முதலாளி ஆள் சேர்த்துக்கொண்டேன் என்றார். அப்பா எரியோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் போனார். இப்போதும் திருவிழாவுக்குத் தேர் வரும்போது எங்கள் வாசலைத் தாண்டி வரமாட்டார். அங்கேயே நின்று சிலுவை போட்டுக்கொள்வார்.

அப்பா திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து நான் வீட்டில் துணியைப் பற்றிச் சொன்னேன். அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். அப்பா, "புள்ளைய ஒண்ணும் சொல்லாத" என்றார்.

"இப்ப போய்ச் சொன்னா, துணிய மாத்திக் குடுத்ததே நாமதான்னு அதையும் நம்ம தலையில கட்டுவாங்க" என்றார் அம்மா. அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.

எனக்குள் முடியவில்லை. நான் சரியாகச் சொல்லவில்லை, அதனால்தான் உங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம், மீதித் துணியைக் கையில் வைத்துக் காட்டியிருக்கலாம் என்று பல வருஷம் படுக்கையில் கிடந்து அந்த வாக்கியத்தைத் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்குப் புரியாமல் போவது உண்டு என்று அந்த வயதில் எனக்குத் தெரியும். புரிந்துகொண்டே ஒரு பெரியவர் மூடியை இறுக்குவார் என்று தெரியாது.

போன மாதம் எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சொன்ன முதல் பாடம் இது: வீட்டுத் துணி உதவாது, அதில் வீட்டு ஆளின் வாசனைதான் இருக்கும், நாய் அவரிடம்தான் போகும். உங்கள் வாயால் சொன்னது. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. எனக்குப் போன் போட்டு வருத்தம் தெரிவிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து அவர் கையைப் பிடித்து ரகசியமாகச் சொல்லவும் வேண்டாம். வருகிற திருவிழாவில் கெபி முன்னால் தெரு முழுக்கக் கூடியிருக்கும்போது வாருங்கள். மைக்கை வாங்கிப் பதில் சொல்லுங்கள். அந்த பாட்டிலில் இருந்தது யார் வீட்டுத் துணி? அது உங்களுக்கு எப்போது தெரியும்?