சோளக்காட்டில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொன்னேன்

2004, தை மாதம். காலை ஏழு மணிக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் மலைக்குப் பஸ் ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டே கடந்தேன். என் வயிற்றின் லட்சணம் அப்படி.

ஒன்பது மணிக்குச் சோளக்காடு, மலைமேல் சந்தை கூடும் ஊர். பத்து ரூபாய்க்கு ஒரு சீப்பு மலை வாழைப்பழம் வாங்கிச் சந்தை ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் இரண்டு மிளகு மூட்டைகளோடு ஒரு விவசாயி, அதே மலையின் எடப்புளி நாட்டுப் பகுதியைச் சேர்ந்த பொன்னம்மா. என் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்துவிட்டு, படித்தவன் என்று முடிவு கட்டிவிட்டார்.

"ஏனுங்க, ஆர்கானிக்குன்னா என்னங்க?"

போன வாரம் சேலத்து வியாபாரி ஒருவர், "உங்க மிளகு ஆர்கானிக்தானே?" என்று கேட்டிருக்கிறார். இவரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். கூடுதல் விலை பேசியாகிவிட்டது. எதற்குத் தலையாட்டினோம் என்று தெரியாமல் மனசு அடித்துக்கொண்டிருந்தது.

எனக்குக் குஷி. என்னையும் ஒருவர் அர்த்தம் கேட்கிறாரே!

"ரசாயன உரம், பூச்சி மருந்து எதுவும் இல்லாம விளைஞ்சா ஆர்கானிக். கொஞ்சம் போட்டிருந்தாலும் அந்தப் பேரைச் சொல்லக் கூடாதுங்க."

பொன்னம்மாவின் முகம் வாடியது. "மிளகுக் கொடிக்கு நாங்க ஒண்ணும் போடறதில்லீங்க. ஆனா அந்த ரெண்டாவது மூட்டை, குச்சிக்கிழங்குக் காட்டு ஓரத்து மரத்துக் கொடியில பறிச்சதுங்க. கிழங்குக்கு யூரியா போட்டோம். கொடிக்கும் போயிருக்குமில்லீங்க?"

"போயிருக்கும்ங்க."

பதினொரு மணிக்கு வியாபாரி வந்தார். பொன்னம்மா எழுந்து நின்றார்.

"இந்த மூட்டை ஆர்கானிக்குங்க. அது ஆர்கானிக் இல்லீங்க, யூரியா போட்ட காட்டோரத்துது."

வியாபாரி சிரித்தார். "ரெண்டையும் ஒண்ணாவே கொட்டிக்கறேன், அதே வெலைக்கு. யாருக்குத் தெரியப் போகுது?"

"போன வாரம் தலையாட்டுனப்ப எனக்குத் தெரியாதுங்க. இப்பத் தெரியுமுங்க. வேண்டாமுங்க."

வியாபாரி மூட்டைகளைத் தனித்தனியே எடைபோட்டார். பிறகு ஒரு மூட்டையைப் பேசிய விலைக்கும், மற்றதைச் சந்தை விலைக்கும் எடுத்துக்கொண்டார்.

"வாரேனுங்க" என்று பொன்னம்மா பஸ்ஸைப் பார்த்து நடந்தார். குனியாத நடை.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கடைப்பலகைகளில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்ல மறுத்து விலையை விட்டுக்கொடுத்த ஒருவரை நான் சோளக்காட்டில்தான் பார்த்தேன். அவருக்கு அர்த்தம் சொன்னவன் நான்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்கிறேன். இதோ, உங்களிடமும்.