படகு விளக்கில் தேங்காயெண்ணெய்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கல்கத்தாவுக்கு வேலைக்குப் போன முதல் வருஷம் அது இன்னும் மோசம். ஆற்றங்கரையில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் நான் ஸ்டோர் குமாஸ்தா. கயிறு, தார், பாய்த்துணி, விளக்குத் திரி, எண்ணெய் எல்லாம் என் சாவிக்கொத்துக்குள் அடக்கம். நடு ஆற்றில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்களுக்குக் காகிதம் கொண்டுபோகக் கம்பெனிக்கு ஒரு பாய்மரப் படகு இருந்தது. இருட்டிய பிறகு பாய் விரிக்கும் படகில் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரிந்தாக வேண்டும். எதிரே வரும் ஸ்டீமருக்கு நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்பது அந்த இரண்டு வெளிச்சத்தால்தான் தெரியும்.

அந்த விளக்குகளுக்குக் கடுகெண்ணெய் கொடுத்துவந்தார்கள். பத்து நாளைக்குக் கொடுத்தது ஆறு நாளில் தீர்ந்துபோகும். வங்காளிகள் கடுகெண்ணெயில்தான் மீன் வறுப்பார்கள் என்று தெரிந்ததும், அடப்பாவிகளா, இதுதானா சங்கதி என்று எனக்குச் சுரீரென்றது. யாரையும் கேட்கவில்லை. ஐப்பசியிலேயே கடுகெண்ணெயை நிறுத்திவிட்டுத் தேங்காயெண்ணெய் கொடுக்க ஆரம்பித்தேன். தேங்காயெண்ணெயில் மீன் வறுத்து எந்த வங்காளி தின்பான்? அதன்பிறகு எண்ணெய் பத்து நாளும் வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் படகுக்காரர்களின் திருட்டைச் சொல்லி மீசையை முறுக்கிக்கொண்டேன். அவள் அப்போது தலைச்சன் பிள்ளைத்தாய்ச்சி.

தை பிறந்து குளிர் கடித்தது. ஒருநாள் காலை படகின் தலைவன், அங்கே மாஜி என்பார்கள், ஸ்டோர் வாசலில் வந்து நின்றான். "பாபு, தேல் ஜோமே கேச்சே" என்றான். தேல் என்றால் எண்ணெய். அது தெரியும். ஜோமே? நம் கணக்குப்பிள்ளைகள் வரவை ஜமா என்பார்கள் அல்லவா, அந்த ஜமாதான் என்று எடுத்துக்கொண்டேன். எண்ணெய் மிச்சம் சேர்ந்திருக்கிறது என்கிறான், திருட்டு நின்றதும் மிச்சமாகாமல் என்ன செய்யும்! "அச்சா, அச்சா, போ" என்று கையை ஆட்டினேன். அவன் மறுபடியும் அதையே சொன்னான். "ஒரு தடவை சொன்னால் போதாதா?" என்று கத்தினேன். அவன் போய்விட்டான்.

மூன்றாம் நாள் பிற்பகல், அடுத்த வீட்டு மாமா மூச்சிரைக்க ஆபீசுக்கு ஓடிவந்தார். எங்கள் வீடு அக்கரையில், சிவ்பூரில். "விடியக்காலம் எடுத்த வலி ஓய், இன்னும் ஆகலை. மருத்துவச்சி கையை விரிச்சுட்டா. பிள்ளை குறுக்கே கிடக்காம். ஆயுதம் போடற டாக்டரை அழைச்சுண்டு உடனே வாரும்!" என்றார். பவானிபூருக்கு ஓடி ஒரு வங்காளி டாக்டரைப் பிடித்துக் குதிரைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால், கப்பல்கள் போவதற்காக, அப்போது தெப்பங்கள்மேல் மிதந்த ஹௌரா பாலத்தின் நடுத்தெப்பங்களை விலக்கியிருந்தார்கள். பாலத்துக் கூட்டம் முழுக்கத் துறையில் குவிந்து நின்றது. ஃபெர்ரியில் கால் வைக்க வழியில்லை. வாடகைப் படகு ஒன்றுகூடக் கரையில் இல்லை. எங்கள் ஆபீஸ் துரையின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். கம்பெனிப் படகை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நாங்கள் படகில் ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மாஜி இரண்டு விளக்கையும் ஏற்றினான். சிவப்பும் பச்சையும் பளிச்சென்று எரிந்தன. அப்பாடா என்று உட்கார்ந்தேன். முப்பது கஜம் போயிருப்போம், பச்சை சுருங்கி அணைந்தது. பின்னாலேயே சிவப்பு. ஆற்றுப் போலீஸ் படகு ஒன்று குறுக்கே வந்து, விளக்கில்லாமல் ஒரு அடி நகரக்கூடாது என்று எங்களைத் துறைக்கே விரட்டியது. பிள்ளைப்பேறு, டாக்டர் என்று நான் கெஞ்சியதெல்லாம் தண்ணீரில் போயிற்று. அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை. அந்த மாதம்தான் ஒரு லாஞ்சு இருட்டில் ஒரு படகை ஏறி மிதித்திருந்தது.

துறையில் நானே விளக்கோடு மல்லுக்கட்டினேன். திரி கருகியிருக்கிறது என்று கருகலைக் கத்தரித்தேன். எரிந்தது, அணைந்தது. புகை போக வழியில்லையோ என்று மேல்மூடியின் காற்றுத் துளைகளைக் கம்பியால் குத்திக் குத்தி எடுத்தேன். எரிந்தது, அணைந்தது. கண்ணாடிக்குள் காற்று நுழைகிறதோ என்று இடுக்கில் துணியைத் திணித்தேன். ஐந்து நிமிஷம் எரிந்தது. பெருமாளே என்று கும்பிட்டேன். அணைந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எண்ணெயைத் தின்றுவிட்டு வெறும் விளக்கையா வைத்திருக்கிறாய், திருட்டு நாயே!" என்று மாஜியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். தமிழில்தான் கத்தினேன், ஆனால் அவனுக்குப் புரிந்தது. அவன் கோபப்படவில்லை. பச்சை விளக்கின் அடிப்பாகத்தைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே விரலை விட்டு எடுத்தான். விரல் நுனியில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது. "ஜோமே கேச்சே, பாபு" என்றான். டாக்டர் திரும்பிப் பார்த்து, எண்ணெய் உறைந்துவிட்டது என்கிறான் என்று இங்கிலீஷில் சொன்னார்.

ஜமாவாம், மிச்சமாம்! உறைந்துபோயிருக்கிறது என்று மூன்று நாள் முன்னாலேயே அந்த மனிதன் என் வாசலில் வந்து இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். திரியைச் சுற்றி உருகின கொஞ்சம் எரிந்து தீர்ந்ததும் சுடர் செத்துப்போகிறது. இவ்வளவுதான் கோளாறு. எங்கள் ஊரில் மார்கழிக் குளிரில்கூடத் தேங்காயெண்ணெய் கல்லாக இறுகி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க என் மனைவி தலைக்கு எண்ணெய் வைக்கச் சீசாவை அடுப்போரம் வைத்து உருக்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. அங்கேயே ஆற்றில் குதித்துவிடலாமா என்றிருந்தது.

மாஜி படகின் பின்பக்கம் போய், சோறு பொங்குகிற இடத்திலிருந்து ஒரு மண்கலயத்தைக் கொண்டுவந்தான். கடுகெண்ணெய். "இது கம்பெனி எண்ணெய் இல்லை, பாபு. என் வீட்டு எண்ணெய்" என்றான், எனக்குப் புரிய வேண்டுமென்று அரைகுறை இந்துஸ்தானியில். அன்று ராத்திரி அவர்கள் நாலு பேர் சமைக்க வைத்திருந்தது. உறைந்த எண்ணெயை நான் என் விரலால் வழித்து வழித்து ஆற்றில் எறிந்தேன். அவன் புதுத் திரி போட்டுக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினான். அணையவில்லை. அக்கரை போய்ச் சேரும்வரை இரண்டும் நின்று எரிந்தன. துறையில் மட்டும் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

டாக்டர் உள்ளே போய் அரைமணியில் வெளியே வந்தார். பெண் குழந்தை. அழவில்லை. தாய் பிழைத்துக்கொள்வாள், குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் எடுத்திருப்பேன் என்றார். அடுத்த வீட்டு மாமி ஒரு பழம்புடவையில் சுற்றி என் கையில் கொடுத்தாள். தலை நிறைய முடி. என் அம்மாவின் மூக்கு.

மறுநாள் மத்தியானம் என் மனைவிக்குப் பேச்சு வந்தது. "ஏன்னா, டாக்டர் வரதுக்கு ஏன் அத்தனை நாழி ஆச்சு?" என்றாள்.

"படகுல விளக்கு எரியலை" என்றேன். அது பொய்யில்லை. மேற்கொண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக.

அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "கட்டேல போற படகுக்காரன்! எண்ணெயைத் தின்னுட்டானா? என் குழந்தையைத் தின்னுட்டானே! அவன் குடும்பம் விளங்குமா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம்" என்றேன்.

அதன்பிறகு முப்பத்தெட்டு வருஷம் அவள் என்னோடு வாழ்ந்தாள். நாலு பிள்ளை பெற்றாள். ஒவ்வொரு தையிலும் அந்தப் படகுக்காரனைச் சபித்தாள். ஒருநாளும் நான் அவளைத் திருத்தவில்லை.